இரண்டாவது பிரேக்

இரும்புச் சத்து மாத்திரையை இரண்டு கரண்டிகளுக்கு நடுவே வைத்து அத்தை அழுத்தினார். அது லேசில் உடையாது. உள்ளங்கையை மேல் கரண்டியில் ஊன்றி, உடம்பின் பாரம் முழுவதையும் இறக்க வேண்டும். உடைந்ததும் தேனைச் சொட்டவிட்டுக் குழைத்து, சாப்பாட்டு மேசையில் காத்திருக்கும் மாமாவிடம் நீட்டுவார். மாமா கண்ணை இறுக மூடிக்கொண்டு நக்குவார். பிறகு கண்ணாடி முன்னால் போய் நின்று பல்லைப் பார்ப்பார். தூளாக்கிச் சாப்பிடக் கூடாத மாத்திரை அது. பல்லெல்லாம் கறை ஏறிவிட்டது. மையைக் குடித்த பிள்ளை மாதிரி இருக்கிறது என்று அத்தை தினமும் சொல்வார், தினமும் உடைத்தும் கொடுப்பார்.

மாமா பிறந்ததிலிருந்து ஒரு மாத்திரையைக்கூட முழுதாக விழுங்கியதில்லை. கல்யாணமாகி நான் இந்த வீட்டுக்கு வந்த புதிதில் அவருக்குக் காய்ச்சல் வந்தது. விஷயம் தெரியாமல் நான் மாத்திரையைத் தண்ணீரோடு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன். மருமகள் கொடுத்ததாயிற்றே என்று அவரும் வாங்கி நாக்கில் வைத்துக்கொண்டார். செம்புத் தண்ணீர் முழுவதும் உள்ளே போனது. பிறகு வாயைத் திறந்து காட்டினார். மாத்திரை வைத்த இடத்திலேயே இருந்தது, கொஞ்சம் இளைத்து.

அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். வீட்டின் முன் அறைதான் டிரைவிங் ஸ்கூல். வாசலில் நிற்கும் சின்ன வெள்ளைக் காரில் இரண்டு பிரேக்குகள் உண்டு. ஒன்று ஓட்டுகிறவருக்கு, இன்னொன்று பக்கத்து இருக்கையில் மாமாவின் காலடியில். அத்தனை வருஷமாக அந்த இரண்டாவது பிரேக்கின்மேல் கால் வைத்தே உட்கார்ந்து பழகியதால், டிவியில் வண்டி எதிரே வந்தாலும் அவர் கால் தரையை அமுக்கும். கற்க வருகிறவர்களுக்கெல்லாம் முதல் நாளே ஒரு பெயர் வைத்துவிடுவார். ஆமை, கிளட்ச், ஹாரன் என்று. எனக்கு வைத்த பெயர் சயின்ஸ். விலங்கியலில் முதுகலை படித்தவள் என்பதால். வீட்டில் அதிகம் பேசாத எனக்கு, யாரோ கூப்பிடுவதற்கென்று ஒரு பெயர் இருந்தது பிடித்திருந்தது.

மாமாவுக்கு ரத்தம் குறைந்துகொண்டே வந்தது. படியேறினால் மூச்சு வாங்கியது. உள்ளே எங்கேயோ ரத்தம் கசிகிறது என்றார் டாக்டர். மயக்கம் கொடுத்து, மேலிருந்து ஒரு முறையும் கீழிருந்து ஒரு முறையும் குழாய் விட்டுப் பார்த்தார்கள். இரண்டிலும் ஒன்றுமில்லை. நடுவே குடலில் ஒரு நீண்ட தூரம் பாக்கி இருந்தது, எந்தக் குழாயும் எட்டாத தூரம். அதற்குக் கேமரா வைத்த ஒரு குளிகையை விழுங்க வேண்டும். அதுவே உள்ளே நகர்ந்து போய்ப் படம் எடுத்து அனுப்பும். டாக்டர் மாதிரிக்கு ஒன்றை மாமாவின் உள்ளங்கையில் வைத்தார். பெரிய அவரை விதை அளவு இருந்தது. மாமா அதை அணுகுண்டைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். விழுங்க முடியாதவர்களுக்கு மயக்கம் கொடுத்துக் குழாய் வழியாக இறக்கிவிடுவது உண்டு என்றும், இப்போதிருக்கும் ரத்த அளவுக்கும் அவருடைய இதயத்துக்கும் மறுபடி மயக்கம் கொடுக்கத் தனக்குத் தைரியமில்லை என்றும் டாக்டர் சொன்னார். அடுத்த வாரத்துக்கு நாள் குறித்துக் கொடுத்தார். எங்கே கசிகிறது என்று தெரியாமல் மருந்து கொடுக்க முடியாது. தெரிய வேண்டுமானால் அவர் விழுங்கியாக வேண்டும்.

அன்று சாயங்காலம் நான் துணி மடித்துக்கொண்டிருந்தபோது மாமா எதிரே வந்து உட்கார்ந்தார். “ஏம்மா சயின்ஸு, நீ படிச்சவளாச்சே. முழுங்கறதுன்னா என்ன? எல்லாரும் முழுங்கறாங்க. எனக்கு மட்டும் ஏன் வர மாட்டேங்குது?”

அந்த வீட்டில் என்னிடம் யாரும் அப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. சாம்பார் வைக்கத் தெரியுமா, குளிர் ஒத்துக்கொள்ளுமா என்றெல்லாம் கேட்டிருக்கிறார்கள். இது எனக்குத் தெரிந்த கேள்வி. முதுகலையில் என் ஆய்வே பால் குடிக்கும் ஆட்டுக்குட்டிகள் விழுங்குவதைப் பற்றியது. குட்டியின் கழுத்தில் சின்ன ஒலிவாங்கியை ஒட்டிவிட்டு, மூச்சும் விழுங்கலும் மாறி மாறி வருவதை மாதக்கணக்கில் கேட்டிருக்கிறேன். மடித்த துணியைத் தள்ளி வைத்துவிட்டுச் செய்தித்தாளின் ஓரத்தில் ஒரு கழுத்தை வரைந்தேன்.

மூச்சு போகும் வழி முன்னால், சாப்பாடு போகும் வழி பின்னால் என்று காட்டினேன். ஆனால் காற்று மூக்கிலிருந்து, அதாவது மேலே பின்பக்கமிருந்து வருகிறது. சாப்பாடு வாயிலிருந்து, முன்பக்கமிருந்து வருகிறது. ஆக இரண்டும் தொண்டையில் ஒன்றையொன்று குறுக்கே கடந்துதான் போயாக வேண்டும். மாமா முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். வாயில் இருக்கும்வரை கவளம் நம்முடையது என்றேன். மெல்லலாம், துப்பலாம், யோசிக்கலாம். நாக்கு அதைப் பின்னால் தள்ளித் தொண்டையின் வாசலைத் தொட்டுவிட்டால் பிறகு அது நம் கையில் இல்லை. மூளைக்குக் கீழே, கட்டைவிரல் பருமனில் மூளைத்தண்டு என்று ஒன்று இருக்கிறது. அது எடுத்துக்கொள்கிறது. மூச்சை நிறுத்துகிறது. மூக்குக்குப் போகும் வழியை அடைக்கிறது. குரல்நாண்களை மூடுகிறது, குரல்வளையை மேலே தூக்குகிறது, அதன்மேல் மூடியைச் சாய்க்கிறது, பின்னாலிருக்கும் உணவுக்குழாயின் வாயைத் திறக்கிறது. இரண்டு டஜனுக்கும் மேற்பட்ட ஜோடித் தசைகள், வரிசை மாறாமல். எல்லாம் ஒரு விநாடிக்குள் முடிந்து, மறுபடி மூச்சு வருகிறது. ஆட்டுக்கும் பூனைக்கும் திமிங்கிலத்துக்கும் ஏறக்குறைய இதே வரிசைதான். வயிற்றில் இருக்கும் குழந்தைகூட விழுங்குகிறது.

“யாரும் சொல்லிக் குடுக்காமலேயா?”

“ஆமா மாமா.”

அவருக்கு அது பிடிக்கவில்லை என்று முகத்தில் தெரிந்தது. படத்தில் இரண்டு வழிகளும் சந்திக்கும் இடத்தில் விரலை வைத்தார். “இங்க சிக்னலும் இல்ல, போலீஸும் இல்ல. ஒரு தடவகூடத் தப்பாப் போகாதா?”

“எப்பவாவது. புரையேறுறது அதுதான். உடனே இருமல் வந்து வெளிய தள்ளிடும்.”

“தள்ளலேன்னா?”

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். விடை தெரிந்திருந்ததால் சொன்னேன்.

அன்று இரவுச் சாப்பாட்டில் மாமா முதல் கவளத்தை வாயில் வைத்து மெல்ல ஆரம்பித்தார். நாங்கள் பாதி சாப்பிட்டு முடித்தபோதும் அதையேதான் மென்றுகொண்டிருந்தார். அசை போடுகிறீர்களா என்று அத்தை கேட்டார். மாமா இரண்டு விரல்களைத் தொண்டையில் வைத்துக்கொண்டு, கூட்டமான சாலையைக் கடக்கப்போகிறவரைப்போல எதிரே வெறித்துப் பார்த்தார். குரல்வளை பாதி ஏறியது, நின்றது, இறங்கியது. கடைசியில் எழுந்து போய்த் துப்பிவிட்டு வந்தார்.

“போக மாட்டேங்குது” என்றார். “கேட் மூடிச்சா இல்லையான்னு தெரியாம எப்படி அனுப்பறது?”

என்ன கேட் என்று அத்தை கேட்க, மாமா செய்தித்தாளை எடுத்து வந்து, நான் சொன்னதை ஒன்றுகூட விடாமல் சொன்னார். நல்ல ஆசிரியர். என்னைவிடத் தெளிவாகவே சொன்னார். அதன் விளைவாக அத்தைக்கும் சாப்பாடு இறங்கவில்லை. அப்போதுதான் வேலை முடிந்து வந்த என் கணவர் கதையைக் கேட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டே ரொட்டியைக் கடித்தார். கொஞ்ச நேரம் கழித்து மெல்லுவதை நிறுத்திவிட்டு, இப்போது நாக்கை எங்கே வைப்பது என்று என்னிடம் கேட்டார். எனக்கும் அதேதான். ஆட்டுக்குட்டிகளின் தொண்டையை அத்தனை நாள் கேட்டபோது வராத பயம் என் எச்சிலுக்கு வந்துவிட்டது. மேசையைச் சுற்றி நான்கு பேர், வாய் நிறையச் சாப்பாட்டோடு, ஒருவர் கழுத்தை ஒருவர் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம்.

எங்கள் மூவருக்கும் மறுநாளே சரியாகிவிட்டது. மாமாவுக்கு ஆகவில்லை. கஞ்சியும் பாலும் மட்டும், அதுவும் ஒவ்வொரு வாயாக, கண்ணை மூடிக்கொண்டு. கரண்டிகளுக்கு நடுவே உடைத்த மாத்திரைகூட நாக்கிலேயே தங்கியது. கன்னம் உள்வாங்கியது. சும்மா இருந்தவரை இப்படி ஆக்கிவிட்டாயே என்று அத்தை என்னிடம் நேராகச் சொல்லவில்லை. அடுப்பைப் பார்த்துக்கொண்டு, “இந்த மனுஷன் இத்தன வருஷம் எப்படி முழுங்கறோம்னு தெரியாமலே நிம்மதியா முழுங்கிட்டிருந்தாரு” என்றார். நான் பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். அது எப்போதோ உலர்ந்திருந்தது.

மாமாவிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். முன் அறையில் தனியாக உட்கார்ந்திருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே சிரித்தார். கறை படிந்த பற்கள் தெரிந்தன.

“என்கிட்ட வர்றவங்களுக்கு மொத நாள் நான் என்ன சொல்வேன் தெரியுமா? சீட்ட முன்னாடி இழுத்துக்கோ, கண்ணாடியப் பாரு. அவ்ளோதான். நீ மொத நாளே பானெட்டத் தொறந்து காட்டிட்டியேம்மா.”

அது திட்டு இல்லை. ஆனாலும் நான் அறைக்குள் போய்க் கொஞ்ச நேரம் அழுதேன்.

டாக்டர் சொன்னபடி மாமா வகுப்புகளை நிறுத்திவிட்டிருந்தார், ஹாரனுக்கு மட்டும் தவிர. தையல் கடை வைத்திருக்கும் நடுத்தர வயதுப் பெண் அவர். ஆள் வந்தால் ஹாரன், மாடு வந்தால் ஹாரன், எதுவும் வராவிட்டால் எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு ஹாரன். அவருக்கு ஓட்டுநர் தேர்வு அந்த வாரம்தான். வாழைப்பழம் வாங்கக் கடைத்தெருவில் இறங்கிக்கொள்கிறேன் என்று நானும் ஒரு நாள் பின் இருக்கையில் ஏறிக்கொண்டேன். முச்சந்தியில் லாரி ஒன்று திரும்பியது. ஹாரன் பதறி மூன்று முறை அடித்தார். மாமாவின் கால் பிரேக்கின்மேல் இருந்தது, கண் லாரியின் பின்சக்கரத்தில் இருந்தது. “கையெடுங்க, கையெடுங்க. அவனுக்குக் காது இருக்கு. கிளட்ச அமுக்குங்க” என்று சொல்லிக்கொண்டே, ஹாரன் டேஷ்போர்டில் வைத்திருந்த பொட்டலத்திலிருந்து ஒரு பிஸ்கட்டை எடுத்து வாயில் போட்டார்.

நான் பக்கவாட்டிலிருந்து மாமாவின் கழுத்தைப் பார்த்தேன். குரல்வளை ஏறியது, இறங்கியது. பெரிய பிஸ்கட். லாரி திரும்பி முடிப்பதற்குள் இரண்டாவதும் போய்விட்டது.

அவரிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் அதுவும் போய்விடும் என்று தெரியும். வீட்டுக்கு வந்து அத்தையிடம் மட்டும் சொன்னேன். அத்தை நம்பவில்லை. மறுநாள் டிபன் கேரியரோடு வந்து பின் இருக்கையில் என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். முன்னால் ஹாரன் நெற்றியில் வியர்வையோடு ஸ்டியரிங்கைப் பிடித்திருக்க, பின்னாலிருந்து அத்தை கரண்டி கரண்டியாக நீட்டினார். மாமா ரோட்டைவிட்டுக் கண்ணை எடுக்காமல் வாயைத் திறந்தார். “இன்னும் கொஞ்சம்” என்று அவர் சொன்னபோதெல்லாம் ஹாரன் வேகத்தைக் கூட்டினார். அந்த வாரம் முழுவதும் எங்கள் வீட்டின் சாப்பாட்டு மேசை நகரைச் சுற்றி வந்தது. மாமாவின் முகத்தில் கொஞ்சம் தெளிவு வந்தது. ஏன் காரில் சாப்பிடுகிறோம் என்று அவர் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. கேட்டால் என்ன ஆகும் என்று அவருக்கும் தெரிந்திருக்கலாம்.

ஆனால் முழுதாக எதுவும் போகவில்லை. வேகவைத்த கேரட்டைக் குளிகை அளவுக்கு நறுக்கி, கவளத்துக்குள் வைத்து அத்தை கொடுத்துப் பார்த்தார். எவ்வளவு நெரிசலான ரோடாக இருந்தாலும் அவருடைய பல் அதைக் கண்டுபிடித்துக் கடித்துவிட்டது. தவிர, ஆஸ்பத்திரி அறைக்குள் கார் வராது. குறித்த நாள் நெருங்க நெருங்க எனக்கு வேறொரு பயமும் சேர்ந்துகொண்டது. கேரட் வழி தவறினால் இருமிவிடலாம். அவரை விதை அளவுக்கு வழுக்கும் ஒன்று, இருமக்கூட ரத்தத்தில் தெம்பில்லாதவரிடம் வழி தவறினால் என்ன ஆகும் என்று படித்திருந்தேன். இந்த முறை அதை யாருக்கும் சொல்லவில்லை.

சின்ன அறை. ஒரு கட்டில், ஒரு ஸ்டூல், தண்ணீர் ஜாடி. காலையிலிருந்து வெறும் வயிறு. நர்ஸ் ஒரு பட்டையை மாமாவின் இடுப்பில் கட்டி, அதில் கைபேசி அளவுக்கு ஒரு கருவியை மாட்டினார். இங்கேயும் சீட் பெல்ட்டா என்றார் மாமா. நர்ஸ் சிரித்துக்கொண்டே பெட்டியைத் திறந்தார். வெளியே எடுத்ததும் குளிகை விழித்துக்கொண்டதுபோல மினுக்கு மினுக்கென்று மினுக்க ஆரம்பித்தது. பேட்டரி ஓடத் தொடங்கிவிட்டது, இனி அணைக்க முடியாது, தாமதிக்க வேண்டாம் என்றார்.

மாமா அதை நாக்கில் வைத்தார். தண்ணீர் குடித்தார். தண்ணீர் போனது. வாயைத் திறந்தார். குளிகை கடைவாய்ப் பக்கம் ஒதுங்கி மினுக்கிக்கொண்டிருந்தது. மறுபடி தண்ணீர். மறுபடி தண்ணீர் மட்டும். மூன்றாவது முறை அது தொண்டையின் வாசல்வரை போயிருக்க வேண்டும். அவர் உடம்பு ஒருமுறை குலுங்கியது, கண்ணில் நீர் வந்தது, நாக்கு அதை முன்னால் தள்ளிக்கொண்டு வந்துவிட்டது. வலது கால் தரையை அமுக்கிக்கொண்டிருந்தது. நர்ஸ் கடிகாரத்தைப் பார்த்தார், கனிவாகத்தான் பார்த்தார். மாமா என்னைப் பார்த்தார். அவர் தொண்டையைப் பார்க்கக் கூடாது என்பதற்காக நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கேமரா சரியாக வேலை செய்கிறதா பார்த்துவிடுகிறேன் என்று நர்ஸ் இடுப்புக் கருவியைக் கழற்றிக் கையில் எடுத்தார். அதன் சின்னத் திரையில் படம் வந்தது. ஈரமான கன்னச் சதை, பிறகு ஒரு வரிசைப் பற்கள், மலை அளவுக்குப் பெரிதாக. அரை விநாடிக்கு ஒன்றாகப் படம் மாறியது. இன்னொரு வாய் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள், அவசரமில்லை என்றார் நர்ஸ். மாமா எடுத்துக்கொண்டு கன்னம் உப்ப உட்கார்ந்திருந்தார். அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரையின்மேல் குனிந்தார்.

“இது என்னம்மா?”

“அவரோட பல்லுதாங்க.”

அத்தை இன்னும் குனிந்தார். “இங்க ஒண்ணக் காணோமே.”

நர்ஸும் பார்த்தார். மேல் வரிசையில், கடைசிக்கு முந்தைய இடத்தில், ஒரு பள்ளம்.

அத்தை நிமிர்ந்து மாமாவைப் பார்த்தார். “எப்பப் புடுங்கினீங்க?”

மாமா வாயை மூடியபடியே தலையை ஆட்டினார். ஆம் என்றும் இல்லை என்றும் சொல்லாத ஓர் ஆட்டல்.

“என்கிட்ட ஒரு வார்த்த சொல்லல. நான்தான் தினமும் மாத்திரை உடைச்சுக் குடுக்கறேன், எனக்குத் தெரியாம ஒரு பல்லு போயிருக்கு.” அத்தையின் குரல் ஏறிக்கொண்டே வந்து, திடீரென்று தணிந்தது. “தனியாப் போய்ப் புடுங்கிட்டு வந்து, ராத்திரி வலியோட என் எதிர்ல உக்காந்து சாப்பிட்டிருக்கீங்க. நானும் உப்புச் சரியா இருக்கான்னு கேட்டிருப்பேன்.”

அதைத் தாங்க முடியாதவராக மாமா கையைத் தூக்கி இரு, இரு என்றார்.

“தனியா எங்க போனேன்? அன்னிக்குக் கிளாஸ் இருந்துச்சு. பல் டாக்டர் வீட்டு வாசல்லயே கத்துக்க வந்தவங்கள ரிவர்ஸ் பார்க்கிங் பழகச் சொல்லிட்டு உள்ள போனேன்.”

“நீங்க உள்ள பல்லப் புடுங்கிட்டிருக்கறப்ப, வெளிய அவங்க ரிவர்ஸ் எடுத்துட்டிருந்தாங்களா?”

“ஜன்னல் வழியாப் பாத்துட்டேதான இருந்தேன். டாக்டர்தான் வாயத் தொறந்து வையுங்க, சத்தம் போடாதீங்கன்னாரு.”

யாரிடம் போனீர்கள், எந்தத் தெரு, ஊசி போட்டார்களா என்று அத்தை ஒவ்வொன்றாகக் கேட்டார். மாமா ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். பேச்சு தடங்கலில்லாமல் வந்தது. நர்ஸ்தான் முதலில் கவனித்தார். அவர் கையிலிருந்த திரையில் பற்கள் இல்லை. அவர் முகம் மலர்ந்தது, சொல்வதற்காக வாயைத் திறந்தார். நான் அவர் மணிக்கட்டில் கை வைத்தேன். அறிமுகமில்லாத ஒருவரை நான் அப்படித் தொட்டதே இல்லை. அவர் என்னைப் பார்த்தார், பிறகு பேசாமல் திரையைக் கொஞ்சம் என் பக்கம் சாய்த்துப் பிடித்தார்.

இளஞ்சிவப்பாக, ஈரமாக, இரு பக்கமும் சுவர்கள் நெருங்கி வந்தன. ஒட்டிக்கொண்டன. பிறகு தாமாகவே விலகி வழிவிட்டன. அடுத்த படத்தில் மறுபடி நெருங்கின, மறுபடி விலகின. எதிரே எதுவும் தெரியவில்லை. தன் வெளிச்சம் விழுந்த மட்டும் கொஞ்ச இடம், அதற்கப்பால் இருட்டு. அந்தக் கொஞ்ச இடத்தைப் பார்த்துப் பார்த்து அது மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. கட்டிலில் மாமா, எந்தப் பக்கக் கன்னம் வீங்கியது என்று அத்தைக்குத் தொட்டுக் காட்டிக்கொண்டிருந்தார்.